தப்பு ஒன்றுக்கு ஒரு மடக்கு

துண்டை நனைத்துப் பிழிந்து, அதில் ஐஸ் கட்டிகளைப் போட்டுச் சுருட்டி, வீங்கிய முழங்காலின் இரண்டு பக்கமும் வைத்து, நழுவாமலிருக்கப் பட்டித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு உரியவரோ அது தன்னுடைய கால் என்பதையே மறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பாருங்கம்மா. இப்பத்தான். திரும்புங்க, திரும்புங்க, இதோ வந்துரும்."

திரும்பினால் பட்டி அவிழும். திரும்பாவிட்டால் அவர் விடமாட்டார். திரும்பினேன். டி.வி.யில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதித்தான். நான் அவன் குதிப்பதைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். பட்டி அவிழ்ந்தது.

இவர்தான் மறுபடிக்காரர்.

பெயர் நான் வைத்ததுதான். ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றும் ஏதோ ஒரு சூப்பர் ஹீரோ படம், உலகமே பார்த்து முடித்து மறந்தும் போன பிறகு, இவர் வீட்டில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முப்பத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். புது வீட்டில் காலெடுத்து வைத்ததும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரிவதற்கு முன்பே, அந்த வீட்டின் மறுபடிக்காரர் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். ரிமோட்டைப் பார்த்தால் போதும். மற்றப் பொத்தான்களில் எழுத்து அப்படியே இருக்கும். படத்தை நிறுத்தும் பொத்தானில் மட்டும் எழுத்து தேய்ந்து, மொழுமொழுவென்று ஆகியிருக்கும்.

"பதினேழு தடவை பார்த்துட்டேன்" என்பார், பதினேழு பட்டம் வாங்கியவரைப் போல. கதாநாயகன் வாயைத் திறப்பதற்கு அரை விநாடி முன்பே இவர் உதடு அசையும். யாராவது சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் விட்டால், படத்தைப் பின்னால் ஓட்டி, அவர் சிரிக்கும்வரை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுவார். முதல் பாதி தங்கம் என்பார்; ரெண்டாவது பாதியிலதான் கோட்டை விட்டுட்டாங்க என்பார்; வில்லன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல என்று உங்களைக் கேட்பார், நீங்கள்தான் அந்த வில்லனை வளர்த்தவர் போல. கடைசிச் சண்டை ரொம்ப நீளம் என்று திட்டிக்கொண்டே அதை மட்டும் இரண்டு முறை பார்ப்பார். இரண்டேகால் மணி நேரப் படம் நாலு மணி நேரம் ஓடும். எல்லாம் முடிந்து, யாரார் வேலை பார்த்தார்கள் என்ற பட்டியல் கீழிருந்து மேலே போகும்போது நீங்கள் எழுந்தால், கையைப் பிடித்து உட்கார வைப்பார். "இருங்க, இன்னும் ஒரு துண்டு சீன் இருக்கு."

இவ்வளவு தப்பு இருக்கிற படத்தை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று ஒரு வீட்டில் கேட்டும் விட்டேன். அந்த அம்மா ரொட்டிக்கடை நடத்தியவர். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "இப்படிக் குறட்டை விடுற மனுஷனோட நாப்பது வருஷமா எதுக்குக் குடித்தனம் பண்றேன்னு கேக்கிற மாதிரில்ல இருக்கு?" என்றார். அதன் பிறகு நான் யாரையும் கேட்பதில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? மனிதன் பறக்கிறான். அதைப் பற்றி எந்த மறுபடிக்காரரும் இதுவரை என்னிடம் குறைப்பட்டதில்லை. கண்ணிலிருந்து நெருப்பு வருகிறது, சரி. மலையைத் தூக்கிப் போடுகிறான், போடட்டும். ஆனால் படம் அவரவர் தொழிலில் கை வைத்துவிட்டால் தீர்ந்தது. ரொட்டிக்கடை அம்மாவுக்கு, கதாநாயகனின் தாய் அடுப்பிலிருந்து தட்டை வெறுங்கையால் எடுப்பது பொறுக்கவில்லை. பக்கவாதத்தில் பேச்சுப் போயிருந்த கணக்கு வாத்தியார் ஒருவருக்கு, மூன்று வாரம் பயிற்சி கொடுத்தும் 'தண்ணி' என்ற சொல் வரவில்லை; அவரே இப்படி ஒரு படத்தில் வகுப்பறைக் காட்சி வந்தபோது, இழுத்துக்கொண்டிருந்த வாயால், கரும்பலகையில் தப்பாகப் போட்டிருந்த கணக்கைக் காட்டி, "விடை... பதினாலு" என்றார். அன்று அவர் மனைவி அழுதார். நான் குறித்துக்கொண்டேன்.

இப்போது பட்டி அவிழ்ந்த வீட்டுக்கு வருவோம்.

இந்த வீட்டு மறுபடிக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிகளில் முட்டி போட்டு வேலை பார்த்தவர். முட்டி அதற்குப் பழி வாங்கிவிட்டது. தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகத்தில் புது மூட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் அவரும் மனைவியும்தான். மதியம் மூன்று மணிக்கு, மனைவியின் தம்பி வருவார். அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கிறார். ஊசியில் நூல் கோத்து கோத்துக் கண் சிவந்துவிட்டதால் சற்று ஓய்வெடுக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, டி.வி.யை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்.

தையல்காரர் எதிர்க்கட்சி. அவருக்கு அந்தப் பறப்பவன் 'நம்மாளு'. சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போன வாடிக்கையாளனைப் பேசுவது போலவே பேசுவார். மெக்கானிக் தப்புக் கண்டுபிடிக்க, தையல்காரர் தாங்கிப் பிடிக்க, இப்படியே ஏழு வருஷம் ஓடியிருக்கிறது.

"மாமா, ஒருத்தன் உலகத்தையே காப்பாத்துறான். நீங்க என்னடான்னா கயித்தை எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"கயித்தை எண்ணாம உலகத்தைக் காப்பாத்தலாம் மாப்ள. லிஃப்டைக் காப்பாத்த முடியாது."

"அது ஒரே ஒரு சீன்."

"ஒரே ஒரு சீன்லயே ஏழு தப்பு. அப்போ மொத்தப் படத்துல எத்தனைன்னு யோசி."

தையல்காரருக்கும் ஒரு முள் உண்டு. நம்மாளின் தோளில் தொங்கும் மஞ்சள் போர்வை. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு வேகத்தில், கொக்கியும் இல்லாமல் தையலும் தெரியாமல் அது எப்படித் தோளில் நிற்கிறது? ஏன் கழுத்தை இறுக்கவில்லை? அதைப் பற்றி அவர் பெருமூச்சு விடும்போது மெக்கானிக், "துணிதானே மாப்ள, அது பாட்டுக்குப் பறக்கும்" என்பார். தையல்காரர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கின் மனைவி ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து சத்தத்திலேயே பார்த்துவிடுவார். "கண்ணாடி உடைஞ்சிருச்சு, டீ போட வேண்டியதுதான்" என்று அடுப்பைப் பற்ற வைப்பார்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கும், அந்த முட்டி மட்டும் மடங்கியிருந்தால்.

மடங்கவில்லை. அறுவை முடிந்து ஆறு வாரமாகியும் எழுபத்திரண்டு பாகைக்கு மேல் வரவில்லை. நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து எழவே தொண்ணூறு வேண்டும். என்னை அந்த வீட்டில் வைத்ததே அதற்காகத்தான். மணிக்கு ஒரு தடவை பத்து முறை மடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வலிக்கும்தான், வலிக்காது என்று நான் யாரிடமும் பொய் சொல்வதில்லை. இவர் ஒவ்வொரு தடவையும், "இந்த சீன் முடியட்டும்மா" என்றார். ஆறு வாரமாக அந்த சீன் முடியவில்லை.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "அடுத்த வியாழக்கிழமைக்குள்ள தொண்ணூறு வரணும். வரலன்னா மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்க வேண்டியதுதான்."

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் முதல் தடவை கொடுத்த மயக்கம் இவருக்கு லேசில் இறங்கவில்லை. வயதானவர்களில் சிலருக்கு அப்படி ஆகும். மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "ரெண்டு நாளுங்கம்மா. என்னைப் பார்த்து, நீங்க யாரு, எந்த மாடிக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நானும் நாலாவது மாடின்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்த ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாதும்மா. எப்படியாவது மடக்க வெச்சிருங்க."

அன்று வெள்ளிக்கிழமை. கையில் ஆறு நாள். நான் யோசித்தேன். இந்த மனிதரால் செய்யாமல் இருக்கவே முடியாத காரியம் ஒன்று உண்டென்றால், அது தப்புக் கண்டுபிடிப்பது. ஒரு படத்துக்கு நாற்பது தப்பாவது சொல்வார். மூன்று மணிக்குத் தையல்காரர் வந்து உட்கார்ந்ததும், ரிமோட்டை என் மடியில் வைத்துக்கொண்டு சட்டம் போட்டேன்.

"தப்பு ஒன்றுக்கு ஒரு மடக்கு. தப்பைச் சொல்லலாம், தடையில்லை. சொன்ன உடனே குதிகாலைப் பின்னால் இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்கணும். பிடிச்சாத்தான் அடுத்த தப்பு. சரியா?"

"இவ்வளவுதானா?" என்றார் மெக்கானிக். தையல்காரர் கைதட்டினார். நாற்பது தப்பு, நாற்பது மடக்கு, ஆறு நாளில் வேலை முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் போட்ட கணக்குகளிலேயே இவ்வளவு மோசமானது வேறில்லை.

படம் ஓடியது. முதல் கட்டடம் இடிந்தது. மெக்கானிக் தப்புச் சொல்லவில்லை. ரயில் வந்தது. வழக்கமாக ரயிலுக்கு மூன்று தப்பு. சொல்லவில்லை. வில்லன் தன் திட்டம் முழுவதையும் கதாநாயகனிடமே விளக்கிச் சொன்னான். அதற்கும் சொல்லவில்லை.

"நல்லாத்தானே எடுத்திருக்கான்," என்றார்.

தையல்காரரின் டீக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

முட்டியைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் கொள்கையையே கைவிட்டுவிட்டார். ஏழு வருஷக் கொள்கை! சனிக்கிழமை, படம் மொத்தத்தில் பரவாயில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது பாதிதான் முதல் பாதியைவிட ஒரு படி மேல் என்றார். தையல்காரர் தூண்டில் போட்டுப் பார்த்தார். "மாமா, இந்த இடத்துல ஏதோ லாஜிக் இடிக்குற மாதிரி இல்ல?"

"இடிக்கலையே."

"பாலம் உடைஞ்சுது, அடுத்த நிமிஷமே அது மேல பஸ் போகுது..."

"வேற பாலமா இருக்கும் மாப்ள. ஊருக்கு ஒரு பாலம்தானா?"

திங்கட்கிழமை தையல்காரர் சமையலறைக்கே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, மாமாவுக்கு மூளையில எதுவும்...? அந்த மயக்க மருந்து இன்னும் மிச்சம் இருக்குமோ?"

பாவம், இவர் நிலைமைதான் உண்மையில் மோசம். தாங்கிப் பிடிக்கிறவருக்குத் தாக்குகிறவர் வேண்டுமே? தள்ளுகிற ஆள் விலகிக்கொண்டால் மறுபக்கம் முட்டுக்கொடுத்தவர் முகம் குப்புற விழ வேண்டியதுதான். திங்கட்கிழமை படம் பாதி ஓடுவதற்குள், தையல்காரரே தப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலில் போர்வை. பிறகு முகமூடி. பிறகு கதாநாயகியின் மழைக்கோட்டில் பொத்தான் ஒரு காட்சியில் வலப்பக்கமும் அடுத்த காட்சியில் இடப்பக்கமும் இருப்பது. "நம்மாளு நம்மாளுன்னு தூக்கி வெச்சு ஆடினேனே, இவனும் சரியில்லைதான்" என்று அவர் நொந்துகொள்ள, மெக்கானிக் அவர் தோளில் தட்டி, "கொக்கி உள்பக்கமா இருக்கும் மாப்ள, மனசைத் தளர விடாதே" என்றார்.

லிஃப்ட் காட்சியை மட்டும் எப்படித் தாங்கினார் என்கிறீர்களா? அதை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். நோயாளி எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறார் என்று நேரம் போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். வெள்ளி, நாலேகால். சனி, நாலேகால். ஞாயிறு, நாலேகால். சர்க்கரை கூடிவிட்டதோ என்று பயந்தேன். திங்கட்கிழமைதான் பிடிபட்டது. வில்லன் உயரமான கட்டடத்துக்குள் நுழைந்ததுமே இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெள்ள மெள்ளக் குளியலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, லிஃப்ட் விழுந்து, பிடிபட்டு, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு வருகிறார்.

செவ்வாய்க்கிழமை அளந்து பார்த்தேன். எழுபத்தெட்டு. வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள் இடையில். மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். "நாளைக்கு லிஃப்ட் விழறப்போ அவரை எந்திரிக்க விடாதீங்க" என்றேன். வாக்கரை ஒளித்து வைக்கலாம்தான். ஆனால் நடக்கப் பயப்படும் ஆளிடமிருந்து வாக்கரைப் பிடுங்குவது என் தொழிலுக்கு அடுக்காது.

புதன்கிழமை. வில்லன் கட்டடத்துக்குள் நுழைந்தான். மெக்கானிக்கின் கை வாக்கரைத் தேடியது. அப்போது மனைவி ஒரு கிண்ணம் நிறையப் பட்டாணியுடன் சமையலறையிலிருந்து வந்து, அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் படத்தின் முன் உட்கார்ந்தார்.

"எங்க எந்திரிக்கிறீங்க? இருங்க, நானும் பார்க்கிறேன்."

மனைவி பார்க்க வந்திருக்கும்போது எழுந்து போகிற மறுபடிக்காரர் இன்னும் பிறக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். திரையில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு லிஃப்டில் ஏறினாள். வில்லன் கண்ணால் சுட்டான். கயிறு புகைந்தது.

"இது என்ன, ஒத்தைக் கயித்துலயா தொங்குது?" என்றார் மனைவி, பட்டாணியை உரித்துக்கொண்டே.

மெக்கானிக் உதட்டைக் கடித்தார்.

"ஐயோ, கைக்குழந்தை வேற."

"ம்."

கயிறு அறுந்தது. லிஃப்ட் விழ ஆரம்பித்தது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார், நெற்றியில் வியர்வை. தாங்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

மனைவி ஒரு பட்டாணியை வாயில் போட்டு மென்றார். "இந்த லிஃப்டைப் பார்த்துக்கிறதுக்குன்னு ஒரு மெக்கானிக் இருந்திருப்பான்ல? அவன் சம்பளத்தை வாங்கிட்டுத் தூங்கியிருக்கான். இல்லன்னா இப்படி அறுந்து விழுமா? வில்லனை விடுங்க. முதல்ல அந்த மெக்கானிக்கைத் தூக்கி உள்ள போடணும்."

"அவன் என்னடி பண்ணுவான்!"

தெருவில் போனவர் யாரோ நின்று ஜன்னலைப் பார்த்தார். நான் படத்தை நிறுத்தினேன்.

"ஒத்தைக் கயிறுன்னு எவன் சொன்னான்? அஞ்சு கயிறுடி, அஞ்சு! ஒவ்வொண்ணும் தனியாவே மொத்த லிஃப்டையும் தாங்கும்! மாசா மாசம் அவன் ஒவ்வொரு கயித்தையும் கையால தடவிப் பார்த்திருப்பான்!"

"ஒண்ணு," என்றார் தையல்காரர். ஒரு விரலை உயர்த்தினார். "மடக்குங்க மாமா."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். சட்டம் சட்டம்தான். பாதத்துக்கடியில் துண்டைப் போட்டேன். குதிகாலை இழுத்தார். பத்து எண்ணினேன். எட்டாவது எண்ணிலேயே அவருக்கு அடுத்த தப்பு வாய்க்கு வந்துவிட்டது.

"அஞ்சும் அறுந்தாலும் விழாது! வேகம் கூடின உடனே அடியில இருக்கிற பிடி ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்!"

"ரெண்டு. மடக்குங்க. ஆனா மாமா, வில்லன் அந்தப் பிடியையும் சுட்டு உருக்கியிருக்கலாம்ல?"

"உருக்கியிருந்தா காட்டணும்ல? காட்டினானா?"

"காட்டலதான். அப்போ அது மூணு."

"இது கணக்குல வராதுடா!"

"காட்டாதது தப்பா இல்லையா?"

"...தப்புதான்."

"மடக்குங்க."

தையல்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கண்ணில் பழைய வெளிச்சம். நாலாவது தப்பு, எதிர்ப்பக்கம் தொங்க வேண்டிய எடையைக் காணோம். ஐந்தாவது, அவ்வளவு வேகமாக விழும் லிஃப்டில் மாடி எண்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக, அழகாக மாறுகின்றன. ஐந்தாவது மடக்கில் அவர் முகம் வெளுத்தது. "போதுமா?" என்று கேட்டேன். வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேல் மூடி..." என்றார். "மேல் மூடியை அந்தப் பொண்ணு உள்ளேருந்து தள்ளித் திறக்குறா. அது வெளியேருந்துதான் திறக்கும். நான் எத்தனை பேரை அது வழியா ஏத்தி எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"ஆறு. மாமா, வேணும்னா கொஞ்சம் ஓய்வு..."

"பேசாம எண்ணுடா!"

ஏழாவதையும் சொன்னார். கீழே நின்று ஒற்றைக் கையால் ஏந்திப் பிடித்தால் லிஃப்டின் தரையைக் கை பொத்துக்கொண்டு போகும், லிஃப்ட் நிற்காது. அந்த மடக்கில்தான் குதிகால் நாற்காலி விளிம்புக்கு நேராக வந்தது. நான் பார்த்தேன். மனைவியும் பார்த்தார். உரித்த பட்டாணியைத் தோல் போடும் தட்டிலும் தோலைக் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னால ஓட்டுங்கம்மா," என்றார் மெக்கானிக், மூச்சு வாங்க. "மறுபடி பார்க்கணும். இன்னும் இருக்கு."

மறுபடி பார்த்ததில் இன்னும் ஐந்து கிடைத்தது. மூன்றாம் முறை, தையல்காரரே மறுத்துப் பேசிப் பேசி நாலு தப்பைப் பிடுங்கினார். ஐந்தரை மணிக்குப் பதினாறு மடக்கு ஆகியிருந்தது. ஐஸ் வைத்தேன். வீங்கத்தான் செய்தது.

"யோசிச்சுத்தான் சொன்னீங்களா?" என்று மனைவியை அப்புறம் கேட்டேன். "படத்தைச் சொன்னா அவர் சும்மா இருந்துருவாரும்மா. மெக்கானிக்கைச் சொன்னாத்தான் பொறுக்காது" என்றார், கிண்ணத்திலிருந்து பட்டாணித் தோலைப் பொறுக்கிக்கொண்டே.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையில் இருந்தோம். பிசியோதெரபி பார்க்கும் பெண், இரண்டு கை நீட்டிய பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்து, "மடக்குங்க ஐயா" என்றாள். மடக்கினார். காலையில் எல்லா முட்டியும் விறைப்பாகத்தான் இருக்கும்.

"எண்பத்தாறு," என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். மனைவி கோப்புகள் இருந்த பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் மட்டும் குனிந்து அந்தக் கோணமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். பறப்பவன் லிஃப்டைப் பார்ப்பதைப் போலப் பார்க்கவில்லை. மெக்கானிக் லிஃப்டைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"ஏம்மா, இதோட நடு ஆணி மூட்டுக்கு நேரா இருக்கணுமா, எங்க வேணா இருக்கலாமா?"

"மூட்டுக்கு நேராத்தான் ஐயா."

"ஒரு விரற்கடை முன்னால இருக்கே. கீழ்க்கையும் கணுக்கால் எலும்பைப் பார்க்கல, பாதத்தைப் பார்க்குது. மறுபடி பாருங்க."

அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் எழுந்து வந்து குனிந்தார். "ஆமா, தள்ளித்தான் இருக்கு" என்றார்.

"மறுபடி பார்க்கணும்னா மறுபடி மடக்கணுமே ஐயா. வலிக்காதா?" என்றாள் அவள்.

"தப்பு சொன்னா மடக்கித்தான் ஆகணும்," என்றார் மெக்கானிக்.

மடக்கினார். முந்தைய நாள் மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் எண்ணாமல் தானே பத்து எண்ணிக்கொண்டு. ஆணி மூட்டுக்கு நேராக வந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணு."

டாக்டர் காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார். மனைவி பையைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுத்து மறுபடி கீழே வைத்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, தெருமுனை வரைக்கும் வந்து காத்திருந்த தையல்காரரிடம் மெக்கானிக் சொன்ன முதல் வார்த்தை, "மாப்ள, அளக்குற கருவியிலயே தப்பு."

ஆகவே மறுபடிக்காரரைப் பற்றி நான் மோசமாக எதுவும் சொல்லமாட்டேன். ஆள் உபயோகமானவர்தான், தப்பு இருக்கும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவே.

நீங்கள் எப்படி? இதைப் படித்துக்கொண்டு வரும்போது, எல்லா லிஃப்டுக்கும் கயிறு ஐந்துதானா என்று எங்கேயாவது முணுமுணுத்தீர்களா? ஒரு விரற்கடை தள்ளி வைத்ததில் ஐந்து பாகை மாறுமா என்று உங்கள் முட்டியிலேயே விரலை வைத்துப் பார்த்தீர்களா? முதல் பாதி பரவாயில்லை, மருத்துவமனைக்குப் போன பிறகுதான் கொஞ்சம் கோட்டை விட்டுட்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா? பதினாறு மடக்கு சரிதானா என்று மேலே போய் மறுபடி எண்ணினீர்களா?

எண்ணினீர்கள் அல்லவா? பரவாயில்லை. நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பாதத்துக்கடியில் ஒரு துண்டு. குதிகாலைப் பின்னால் இழுங்கள், இன்னும் கொஞ்சம். பத்து எண்ணும்வரை விடக்கூடாது. நான் எண்ணுகிறேன்.